முதல் உலகப் போர்: நான்கு வருஷம் ஏன் பதுங்குகுழியை விட்டு நகர முடியவில்லை?

நாணல்

எல்லோருக்கும் வணக்கம். முதல் உலகப் போரைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து ஒரு கேள்வி விடாமல் துரத்துகிறது.

1914 ஆகஸ்ட் 4 அன்று ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைகிறது. செப்டம்பர் தொடக்கத்தில் பாரிஸ் அவர்களுக்குக் கூப்பிடு தூரம். ஆனால் நவம்பர் முடிவதற்குள் வடகடல் கரையிலிருந்து சுவிட்சர்லாந்து எல்லை வரை, 700 கிலோமீட்டருக்கு மேல், இரண்டு தரப்பும் எதிரெதிரே குழி வெட்டி உட்கார்ந்துவிடுகிறார்கள். 1917இல் ஜெர்மானியர்கள் தாங்களாகவே பின்வாங்கிய பகுதியை விட்டுவிட்டால், 1918 மார்ச் வரை அந்தக் கோடு எங்கேயும் பெரிதாக நகரவில்லை. அந்தச் சில கிலோமீட்டருக்காக லட்சக்கணக்கானவர்கள் இறந்திருக்கிறார்கள்.

சுற்றிக்கொண்டு போயிருக்கக் கூடாதா? முதல் வருஷமே புரிந்திருக்குமே, வேறு வழி யோசிக்கவில்லையா? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

தொண்டி

இதற்கு விரிவான பதில் எதற்கு? தளபதிகளுக்கு உயிரின் மதிப்பு தெரியவில்லை. 1916 ஜூலை 1, பிரான்ஸில் நடந்த சோம் போரின் முதல் நாள். பிரிட்டிஷ் தரப்பில் மட்டும் 57,470 பேர் இழப்பு, அதில் 19,240 பேர் மரணம். ஒரே நாளில்! அன்று சாயங்காலமே நிறுத்தியிருக்க வேண்டும். நவம்பர் 18 வரை இழுத்தார்கள். பிரிட்டிஷ் தலைமைத் தளபதி ஹெய்க் முன்வரிசைக்குப் பல கிலோமீட்டர் பின்னால் மாளிகையில் இருந்துகொண்டு வரைபடத்தில் கோடு போட்டார். பையன்கள் முள்கம்பியில் தொங்கினார்கள். எனக்கு அந்த எண்ணிக்கையைப் படிக்கும்போதெல்லாம் கோபம்தான் வருகிறது.

பீரங்கிமேடு

தொண்டி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் தளபதிகளின் குணத்தோடு விஷயம் முடியவில்லை. பிரெஞ்சு, பிரிட்டிஷ், ஜெர்மன், இத்தாலிய, ஆஸ்திரிய என்று ஐந்து நாட்டுப் படைகளும் ஒரே சுவரில் முட்டிக்கொண்டன. ஐந்து நாட்டிலும் ஒரே நேரத்தில் முட்டாள்கள்தான் தளபதிகளாக வந்தார்கள் என்று நான் நம்பவில்லை.

நாணல், முதலில் உங்கள் ‘சுற்றிக்கொண்டு போவது’. அதைத்தான் முயன்றார்கள். செப்டம்பரில் மார்ன் ஆற்றங்கரையில் ஜெர்மன் முன்னேற்றம் தடுக்கப்பட்டதும் அவர்கள் எய்ன் (Aisne) என்கிற ஆற்றின் வடகரை மேட்டுக்குப் பின்வாங்கிக் குழி வெட்டினார்கள். துரத்தி வந்த பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகளால் அந்த மேட்டில் ஏற முடியவில்லை. அவர்களும் எதிரே வெட்டினார்கள். அப்புறம் ஒருவரை ஒருவர் வடக்கு ஓரமாகச் சுற்றி வளைக்கப் பார்த்தார்கள். இவர் ஒரு படையை வடக்கே நகர்த்தினால் அவரும் ஒன்றை நகர்த்துவார். இப்படியே போய்க் கடல் வந்துவிட்டது. கடைசித் துண்டில் பெல்ஜியர்கள் நியூபோர்ட் மதகுகளைத் திறந்து ஈசர் ஆற்றுத் தாழ்நிலத்தில் கடல்நீரைப் பாய்ச்சினார்கள். அக்டோபர் கடைசியில் அந்த வழியும் மூடியது. வடக்கே கடல், தெற்கே நடுநிலை நாடான சுவிட்சர்லாந்தின் மலை. சுற்ற ஓரமே மிச்சமில்லை.

ஓரம் இல்லையென்றால் கண்டத்தையே சுற்றிப் பார்க்கலாம் என்றுதான் 1915 ஏப்ரல் 25இல் துருக்கியின் கலிப்பொலியில் படையை இறக்கினார்கள். சில நாளிலேயே அங்கேயும் இரண்டு தரப்பும் குழிக்குள். 1916 ஜனவரியில் காலி செய்துவிட்டு வந்தார்கள்.

ஆக, நேராக உடைப்பது ஒன்றுதான் பாக்கி. அதிலும் இரண்டு கட்டம் உண்டு. எதிரியின் முதல் வரிசைக்குள் புகுவது ஒன்று. அதைக் கடந்து மறுபக்கம் திறந்த வெளிக்குப் போவது இன்னொன்று. முதலாவதை 1915இலேயே செய்து காட்டிவிட்டார்கள். இரண்டாவதுதான் 1918 வரை யாருக்கும் கைகூடவில்லை.

ஒரு போரை மட்டும் கிட்டத்தில் பார்ப்போம். நவ் சாப்பெல், 1915 மார்ச் 10. இரண்டு பிரிட்டிஷ் டிவிஷன், இரண்டு இந்திய டிவிஷன் (டிவிஷன் என்றால் பல்லாயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு). காலை ஏழரைக்குப் பீரங்கித் தாக்குதல் ஆரம்பம். வெறும் 35 நிமிஷம், ஆனால் குறுகலான இடத்தில் குவித்து அடித்தார்கள். காலாட்படை பாய்ந்தது. காலைப் பொழுது முடிவதற்குள் கிராமமே கையில் வந்துவிட்டது. எதிரே ஜெர்மன் வரிசையில் பெரிய ஓட்டை, காக்க அதிகம் ஆள் இல்லை.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். வடக்கு ஓரத்தில் ஒரு சிறு பகுதியில் பீரங்கிக் குண்டு சரியாக விழவில்லை, முள்கம்பி அறுபடவில்லை. அங்கே பாய்ந்தவர்களை ஒன்றிரண்டு இயந்திரத் துப்பாக்கிகளே சாய்த்துவிட்டன. நடுவில் புகுந்தவர்கள் ‘மேலே போகலாமா?’ என்று கேட்டு ஆள் அனுப்பினார்கள். தொலைபேசிக் கம்பி குண்டில் அறுந்து கிடந்தது. செய்தி ஓட்டக்காரன் கையில் பட்டாலியனுக்கு, அங்கிருந்து பிரிகேடுக்கு, டிவிஷனுக்கு, கோருக்கு என்று ஏறி, உத்தரவு அதே படிகளில் இறங்கி வருவதற்குள் மாலை மங்கிவிட்டது. இரவோடு இரவாக ஜெர்மானியர்கள் பின்னால் புதுக் கோடு போட்டார்கள், ஆட்களைக் கொண்டுவந்தார்கள். மார்ச் 13இல் தாக்குதலை நிறுத்தும்போது பிரிட்டிஷ் இந்தியப் படையின் இழப்பு சுமார் 12,000. அதில் 4,000க்கு மேல் இந்தியர்கள்.

காக்கிறவனுக்குப் பின்னால் ரயில் இருக்கிறது. தாக்குகிறவன் தன் பீரங்கி உழுது போட்ட நிலத்தில், தோளில் சுமையோடு நடக்க வேண்டும். பீரங்கியையும் குண்டையும் அதே சேற்றில் இழுத்துவர வேண்டும். அவன் ஒரு கிலோமீட்டர் நடப்பதற்குள் எதிரிக்கு அடுத்த ஊர் ஸ்டேஷனில் ஒரு முழு டிவிஷன் இறங்கிவிடும். ஓட்டை போடுகிற வேகத்தைவிட அடைக்கிற வேகம் எப்போதும் அதிகம். கையில் கொண்டுபோகக்கூடிய ஒயர்லெஸ் இல்லாத காலம் அது. குழியை விட்டு ஏறிய நிமிஷத்திலிருந்து தன் படை எங்கே இருக்கிறது என்பதே தளபதிக்குத் தெரியாது.

கரம்பை

அருமை, பீரங்கிமேடு. மண் பரிசோதனை என் தொழில் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சேர்க்கிறேன். இந்தப் போரில் பாதியை மண்தான் தீர்மானித்தது.

எல்லாப் பதுங்குகுழியும் ஒன்றல்ல. சோம் பகுதியில் சுண்ணாம்புப் பாறை. வெட்டினால் சுவர் சரியாது, தண்ணீர் வடிந்துவிடும். அங்கே ஜெர்மானியர்கள் 9 மீட்டர் ஆழம் வரை படி இறக்கி, மரச்சட்டம் அடித்து, மின்விளக்கும் படுக்கையும் போட்டு அறைகள் கட்டினார்கள். மேலே எத்தனை குண்டு விழுந்தாலும் கீழே இருப்பவன் பிழைத்துக்கொள்வான். பெல்ஜியப் பக்கமுள்ள ஃபிளாண்டர்ஸ் நேர்மாறு. மேல்மண்ணுக்குக் கீழே தடித்த களிமண். அரை மீட்டர், ஒரு மீட்டர் தோண்டினாலே தண்ணீர். அதனால் பல இடங்களில் குழி வெட்டுவதற்குப் பதில் மணல் மூட்டைகளை அடுக்கித் தரைக்கு மேலே அரண் எழுப்பினார்கள். பார்வைக்கு அது சுவர்தான், குழி அல்ல.

ஜெர்மானியர்களுக்கு இன்னொரு வசதி. 1914இல் பின்வாங்கும்போதே மேடான, காய்ந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். பிடித்த நிலத்தைக் காத்தால் போதும் அவர்களுக்கு. பிரெஞ்சுக்காரர்களுக்கோ அது சொந்த மண், விட்டுக்கொடுத்துப் பின்வாங்கி நல்ல மேட்டில் உட்காரலாம் என்று அவர்களால் யோசிக்கவே முடியாது. அதனால் எதிரியின் கண் எதிரே தாழ்நிலத்திலேயே கிடந்தார்கள்.

குழி நேர்கோடாக ஏன் இல்லை என்று பலர் கேட்பார்கள். சில மீட்டருக்கு ஒருதரம் செங்கோணத்தில் மடித்துத்தான் வெட்டுவார்கள். நேராக இருந்தால், உள்ளே ஒரு குண்டு விழுந்தால் நீளத்துக்கும் வெடிச்சிதறல் பாயும். எதிரி ஒருவன் உள்ளே குதித்துவிட்டால் நின்ற இடத்திலிருந்தே எல்லோரையும் சுட்டுத் தள்ளலாம். மடிப்பு இருந்தால் சேதம் அந்த ஒரு கண்ணியோடு நிற்கும். முதல் வரிசைக்குப் பின்னால் துணை வரிசை, அதற்குப் பின்னால் மாற்றுப் படைக்கான வரிசை, மூன்றையும் இணைக்கும் குறுக்குக் குழிகள். சாப்பாடும் தண்ணீரும் தோட்டாவும் காயம்பட்டவர்களும் போகவர அந்தக் குறுக்குக் குழிதான். பெரும்பாலும் இரவில்தான் நடமாட்டம்.

அப்புறம் பாசன்டேல். 1917 ஜூலை 31இல் தொடங்கிய, பெல்ஜியத்தின் ஈப்ரு ஊரை ஒட்டிய மூன்றாவது ஈப்ரு போர். தொடக்கத் தாக்குதலுக்கே 40 லட்சத்துக்கு மேல் குண்டுகள் போட்டார்கள். அந்த நிலம் பல நூறு வருஷமாக விவசாயிகள் வாய்க்கால் வெட்டி வடித்து வைத்திருந்த நிலம். அத்தனை வாய்க்காலும் நொறுங்கியது. ஆகஸ்டில் கனமழை. வடிகால் அடைபட்ட நஞ்சை வயலில் மாட்டு வண்டி இறங்கினால் எப்படியோ, அப்படித்தான் அங்கே ஒவ்வொரு பீரங்கியும் மனிதனும். மரப்பலகைப் பாதையிலிருந்து கால் வழுக்கிக் குண்டுப் பள்ளத்துக்குள் விழுந்தவர்களைப் பலசமயம் இழுத்துக் காப்பாற்றக்கூட முடியவில்லை. நவம்பர் 10 வரை இது நடந்தது. தரையின் குணம் தெரிந்த பொறியாளர்கள் படையில் நிறையவே இருந்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் நான் தொண்டியின் பக்கம். செப்டம்பரில் கொஞ்சம் காய்ந்தது, அப்போது நன்றாகவே முன்னேறினார்கள். அக்டோபர் மழையில் நிறுத்தியிருக்க வேண்டும்.

அங்கே வெடிக்காமல் புதைந்த குண்டுகளை இன்றும் விவசாயிகள் உழும்போது எடுத்துச் சாலையோரம் வைக்கிறார்கள். பெல்ஜிய ராணுவம் வந்து அள்ளிப் போகிறது. 1917 ஜூனில் மெசீன் மேட்டுக்கு அடியில் 19 சுரங்க வெடிகளை ஒரே நேரத்தில் வெடித்தார்கள். வெடிக்காமல் விட்டுப்போன சுரங்கம் ஒன்று 1955இல் மின்னல் தாக்கி வெடித்தது.

செம்மண்

ஒரு இடைக்கேள்வி. இந்திய டிவிஷன் என்று பீரங்கிமேடு அண்ணன் சொன்னாரே, அதில் நம் ஊர்க்காரர்கள் இருந்தார்களா? அவர்கள் எப்போது, எப்படி அங்கே போனார்கள்?

பீரங்கிமேடு

பிரான்ஸுக்குப் போன காலாட்படையில் பெரும்பாலும் பஞ்சாபிகள், பட்டாணியர், கடுவாலிகள், கூர்க்காக்கள், டோக்ராக்கள். ‘போர்க்குலம்’ என்று ஆங்கிலேயர் வகுத்து வைத்திருந்த ஆளெடுப்புக் கொள்கையில், 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்தே சென்னை மாகாணப் படைகள் குறைக்கப்பட்டுவிட்டன. தமிழ்நாட்டுத் தொடர்பு வேறு முனைகளில் இருக்கிறது. மெட்ராஸ் சாப்பர்கள் என்கிற பொறியாளர் படையினர் மெசபடோமியாவில் (இன்றைய இராக்) பாலம் கட்டினார்கள், குழி வெட்டினார்கள். 63ஆவது பாளையங்கோட்டை காலாட்படை 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் இறங்கியது. அந்தத் தாக்குதல் படுதோல்வி.

பிரான்ஸ் கதை இது. லாகூர் டிவிஷன் 1914 செப்டம்பர் கடைசியில் மார்செய் துறைமுகத்தில் இறங்கியது, மீரட் டிவிஷன் பின்னாலேயே வந்தது. பிரிட்டனின் சிறிய நிரந்தரப் படை அதற்குள் பெரும் இழப்பைச் சந்தித்திருந்தது. அந்த இடைவெளியை அடைக்கத்தான் இவர்களை அக்டோபரிலேயே ஈப்ருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். வெப்பநாட்டு உடுப்போடு, பழக்கமில்லாத புதுத் துப்பாக்கியோடு, ஐரோப்பியக் குளிரில். அக்டோபர் 31இல் ஹோல்பெகேயில் தன் இயந்திரத் துப்பாக்கிக் குழுவில் எல்லோரும் இறந்த பிறகும் சுட்டுக்கொண்டே இருந்த குதாதாத் கான்தான் பிரிட்டனின் உயரிய வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை பெற்ற முதல் இந்தியச் சிப்பாய். நவ் சாப்பெலில் அதே பதக்கம் பெற்ற கபர் சிங் நேகி அந்தப் போரிலேயே இறந்தார். அந்த ஊரில் 1927இல் திறந்த நினைவகத்தில் 4,700க்கு மேல் பெயர்கள் இருக்கின்றன. கல்லறை தெரியாதவர்களின் பெயர்கள்.

1915 கடைசியில் இந்தியக் காலாட்படையை மெசபடோமியாவுக்கு மாற்றிவிட்டார்கள். குதிரைப்படை 1918 தொடக்கம் வரை பிரான்ஸில் இருந்தது.

வேப்பங்காற்று

செவிலியர் பணியில் இருப்பவள் நான். இந்தப் போரின் மருத்துவப் பக்கத்தை நிறையப் படித்திருக்கிறேன், அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இந்தியக் காயம்பட்டவர்களை இங்கிலாந்தின் பிரைட்டன் அரண்மனையில் வைத்துப் பார்த்தார்கள். சாதி, மத வழக்கத்துக்கு ஏற்பத் தனித்தனிச் சமையலறைகள், தண்ணீர்க் குழாய்கள். கவனிப்பு நன்றாகவே இருந்தது. ஆனால் வெளியே போகவரக் காவல். குணமானால் மறுபடி போர்முனை. அவர்கள் ஊருக்கு எழுதிய கடிதங்களைத் தணிக்கை அதிகாரிகள் படித்தார்கள். அது தெரிந்ததால் சிப்பாய்கள் மறைபொருளில் எழுதினார்கள். கறுப்பு மிளகு தீர்ந்துபோய்விட்டது, இப்போது சிவப்பு மிளகு செலவாகிறது என்று ஒரு கடிதத்தில் வருகிறது. கறுப்பு மிளகு இந்தியர்கள், சிவப்பு மிளகு வெள்ளைக்காரர்கள். வீட்டிலிருந்து யாரும் இனிப் படையில் சேர வேண்டாம் என்பதைத்தான் அவர்கள் அப்படிச் சொன்னார்கள்.

குழிக்குள் இருந்தவனுக்கு எதிரி மட்டும் எதிரி அல்ல. குளிர்ந்த தண்ணீரில் நாள்கணக்கில் நின்றால் ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்து, வீங்கி, அழுகும். முதல் குளிர்காலத்தில் மட்டும் ஆயிரக்கணக்கானவர்கள் இதனால் மருத்துவமனைக்குப் போனார்கள். மருந்தால் அது குறையவில்லை, ஒழுங்கால்தான் குறைந்தது. தினமும் காலுறை மாற்ற வேண்டும், ஒருவர் காலுக்கு இன்னொருவர் திமிங்கல எண்ணெய் தேய்த்துவிட வேண்டும், அதிகாரி வந்து ஒவ்வொரு காலாகப் பார்க்க வேண்டும். பேன் கடியால் வந்த காய்ச்சல் வேறு. அந்தக் காய்ச்சலைப் பரப்புவது பேன்தான் என்பதை 1918இல்தான் உறுதி செய்தார்கள்.

1915 ஏப்ரல் 22 சாயங்காலம் ஈப்ருக்கு வடக்கே ஜெர்மானியர்கள் 5,700க்கு மேற்பட்ட உருளைகளைத் திறந்து குளோரினை விட்டார்கள். அதை முன்னின்று நடத்தியவர் ஜெர்மன் வேதியியலாளர் ஃபிரிட்ஸ் ஹேபர். அந்த இடத்தில் இருந்தவர்கள் பிரான்ஸின் அல்ஜீரியப் படைகளும் வயதான சேமப்படையினரும். எதிரே மஞ்சள் பச்சையாகப் புகை வருகிறது, என்னவென்றே தெரியாது. பல கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசை காலியானது. நான்கு நாள் கழித்து அதே இடத்தில் எதிர்த்தாக்குதலுக்கு லாகூர் டிவிஷனை அனுப்பினார்கள். முகமூடி கிடையாது. நனைத்த துணியை மூக்கில் கட்டிக்கொண்டார்கள். 1917இல் கடுகு வாயு வந்தது. அது உடனே கொல்லாது. தோலைக் கொப்புளிக்க வைத்து, கண்ணைக் குருடாக்கி, வாரக்கணக்கில் படுக்க வைக்கும்.

தொடை எலும்பு முறிவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். போர் ஆரம்பத்தில் குண்டடிபட்டுத் தொடை எலும்பு முறிந்தவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். தூக்கிக்கொண்டு வரும்போது உடைந்த எலும்பு அசைந்து சதையைக் கிழிக்கும், ரத்தம் உள்ளேயே போய்விடும். தாமஸ் கட்டு என்கிற இழுவைச் சட்டத்தைப் போர்முனைக்கு அருகிலேயே காலில் பூட்டும் பழக்கம் வந்த பிறகு, அந்த மரண விகிதம் பல மடங்கு விழுந்தது. இரும்புக் கம்பியும் துணியும்தான். எத்தனை ஆயிரம் பேரை வீடு சேர்த்தது! போர் வரலாற்றில் டாங்கிக்குக் கிடைக்கும் இடத்தில் பாதியாவது இதற்குக் கிடைக்க வேண்டும் என்பது என் ஆதங்கம்.

தொண்டி

எல்லாம் சரி. ரயில், தொலைபேசி, மண் எல்லாம் ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் நவ் சாப்பெலில் 1915இலேயே பாடம் கிடைத்துவிட்டதே. 1916இல் சோமில் அதே தப்பு ஏன்? அதற்குப் பதில் வரவில்லை.

பீரங்கிமேடு

கேட்க வேண்டிய கேள்வி. பாடம் கற்றார்கள், ஆனால் தப்பான பாடம். 35 நிமிஷம் போதவில்லை, அதனால் ஒரு வாரம் அடிப்போம் என்று முடிவெடுத்தார்கள்.

முதலில் சூழல். 1916 பிப்ரவரி 21இல் ஜெர்மானியர்கள் பிரான்ஸின் கோட்டை நகரமான வெர்டனைத் தாக்கினார்கள். பிரெஞ்சுப் படையின் பெரும்பகுதி அங்கே சுழற்சி முறையில் போய் அரைபட்டது. பார்-லெ-டூக்கிலிருந்து வெர்டனுக்கு ஒரே ஒரு சாலை. அதில் இரவும் பகலும் லாரிகள், உச்சத்தில் 14 விநாடிக்கு ஒன்று. டிசம்பர் வரை நீடித்த அந்தப் போரில் இரு தரப்பிலும் சேர்த்து சுமார் 3 லட்சம் பேர் இறந்தார்கள். கடைசியில் கோடு ஏறக்குறைய ஆரம்பித்த இடத்திலேயே. வெர்டன் மீதான அழுத்தத்தைக் குறைக்க சோம் தாக்குதல் வேண்டும் என்று பிரான்ஸ் நெருக்கியது. சோமில் பெரும்பங்கு பிரெஞ்சுப் படை என்று இருந்த திட்டம், வெர்டனால் பெரும்பங்கு பிரிட்டிஷ் படை என்று மாறியது. அந்தப் படையில் பாதிக்கு மேல் 1914இல் தானாக முன்வந்து சேர்ந்த, போரே பார்க்காத பையன்கள்.

ஒரு வாரத்தில் சுமார் 15 லட்சம் குண்டுகள் போட்டார்கள். கேட்க பயங்கரமாக இருக்கும். ஆனால் அதில் பெரும்பங்கு சிதறுகுண்டு. ஆள்மேல் பட்டால் கொல்லும், 9 மீட்டர் ஆழத்தில் இருப்பவனை ஒன்றும் செய்யாது. முள்கம்பியை அறுக்க வேண்டுமானால் சரியான உயரத்தில் வெடிக்க வேண்டும், அந்தத் துல்லியம் இல்லை. அவசரமாக விரிந்த தொழிற்சாலைகளில் செய்த குண்டுகளில் கணிசமான பங்கு வெடிக்கவே இல்லை. ஹெய்க்கின் கீழ் அந்தத் தாக்குதலை நடத்திய தளபதி ரோலின்சன் முதல் வரிசையை மட்டும் கடித்துப் பிடிப்போம் என்றார். ஹெய்க் இரண்டாம் வரிசையையும் சேர்த்து உடைக்கச் சொன்னார். இலக்கின் பரப்பு கூடியது, பீரங்கி அதே எண்ணிக்கை. அடி நீர்த்துப்போனது. இந்த முடிவுக்கு ஹெய்க்கைத்தான் பொறுப்பாக்க வேண்டும், அதில் எனக்குத் தயக்கமில்லை.

அன்று காலை 7.20க்கு, தாக்குதலுக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே, ஹாதார்ன் மேட்டுச் சுரங்கத்தை வெடித்தார்கள். எதிரியை எழுப்பிவிட்ட மாதிரி. பீரங்கி முன்வரிசையை விட்டுப் பின்னுக்கு நகர்ந்ததும் ஜெர்மானியர்கள் படியேறி வந்து இயந்திரத் துப்பாக்கியை வைத்துவிட்டார்கள். அதே இடத்தில், போமோன்-ஹாமெல் கிராமத்தருகே, நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட் காலை ஒன்பது மணிக்கு மேல் கிளம்பியது. குறுக்குக் குழி முழுக்கக் காயம்பட்டவர்களும் சடலங்களும் அடைத்துக் கிடந்ததால், சொந்த முன்வரிசைக்கு வரும் முன்பே திறந்த வெளியில் நடக்க வேண்டியிருந்தது. சுமார் 800 பேர் போனார்கள். மறுநாள் பெயர் கூப்பிட்டபோது பதில் சொன்னவர்கள் 68.

ஆனால் முழுப் படத்தையும் பாருங்கள். தெற்கே, கனரகப் பீரங்கி நிறைய வைத்திருந்த பிரெஞ்சுப் படையும் அதற்கு அடுத்திருந்த பிரிட்டிஷ் பகுதியும் அன்றே இலக்கைப் பிடித்துவிட்டன. வடக்கே அல்ஸ்டர் டிவிஷன் ஷ்வாபன் அரணுக்குள் புகுந்தது. இரு பக்கமும் மற்றவர்கள் தோற்றதால், தோட்டாவும் தண்ணீரும் தீர்ந்து, இரவில் திரும்ப வேண்டியதாயிற்று. புகுவது சாத்தியம், தங்குவதும் தாண்டுவதும்தான் சாத்தியமில்லை என்று நான் முன்னால் சொன்னதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மாளிகையில் இருந்தார்கள் என்கிற விஷயம்: பிரிட்டிஷ் ஜெனரல்களிலேயே 70க்கு மேற்பட்டோர் இந்தப் போரில் இறந்தார்கள். 1915இல் லூஸ் போரில் மட்டும் மூன்று டிவிஷன் தளபதிகள். முன்னால் போன தளபதி தைரியசாலிதான், ஆனால் அங்கிருந்து மற்ற படைகளோடு பேச வழியில்லை. பின்னால் இருந்தால் கம்பி உண்டு, கண் இல்லை.

செம்மண்

சிப்பாய்கள் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டே இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். 1917 ஏப்ரல் 16இல் நிவெல் என்கிற பிரெஞ்சுத் தளபதி, இரண்டே நாளில் உடைத்துக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுத்து ஷமாந் தெ தாம் மேட்டில் படையை ஏவினார். முதல் நாளே தெரிந்துவிட்டது, நடக்காது என்று. ஆனாலும் தொடர்ந்தது. அதற்கப்புறம் டிவிஷன் டிவிஷனாக மறுத்தார்கள். காவல் காப்போம், குழியை விடமாட்டோம், ஆனால் வீணான தாக்குதலுக்கு ஏறமாட்டோம் என்பதுதான் அவர்கள் நிலை. போர்முனைக்குப் போகும் வழியில் வெட்டக் கொண்டுபோகும் ஆட்டைப் போலக் கத்திக் காட்டினார்களாம்.

நிவெலை நீக்கிவிட்டுப் பெத்தான் என்பவரைத் தளபதியாக்கினார்கள். நூற்றுக்கணக்கான மரண தண்டனை விதிக்கப்பட்டது, நிறைவேற்றியது அதில் சிறு பங்கு. அதோடு நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஏழு நாள் விடுப்பை உறுதி செய்தார், சாப்பாட்டைச் சரிசெய்தார், பெரிய தாக்குதல்களை நிறுத்தினார். என் பார்வையில் அது கலகம் இல்லை, வேலைநிறுத்தம். அவர்கள் கேட்டதில் ஒன்றுகூட அநியாயமில்லை.

நாணல்

இத்தனை பேர் எழுதியதற்கு நன்றி. இப்போது ஒரு தெளிவு வருகிறது. கிழக்கே ரஷ்யாவுடன் நடந்த போரில் மட்டும் ஏன் கோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நகர்ந்தது? மேற்கில் 1918இல் திடீரென்று எப்படி உடைந்தது?

பீரங்கிமேடு

கிழக்குக்குச் சுருக்கமாக: இடம் அதிகம், ஆள் நெருக்கம் குறைவு, ரயில் குறைவு. ஓட்டை விழுந்தால் அடைக்க ஆள் வர நாளாகும். 1915 மே மாதம் கார்லிட்ஸ்-டார்னோவில் உடைத்த ஜெர்மன், ஆஸ்திரியப் படைகள் அந்தக் கோடையிலேயே போலந்து முழுவதையும் ரஷ்யாவிடமிருந்து பிடித்தன. 1916 ஜூனில் ரஷ்யத் தளபதி புருசிலோவ் திருப்பி அடித்தார். அவரும் கடைசியில் நின்றதற்குக் காரணம் ஜெர்மானியர்கள் ரயிலில் ஆள் கொண்டுவந்ததுதான்.

மேற்கில் 1918 திடீரென்று வரவில்லை. ஒவ்வொரு பூட்டுக்கும் சாவி தேடிக்கொண்டே இருந்தார்கள். எதிரிப் பீரங்கியின் ஓசையை வரிசையாக வைத்த ஒலிவாங்கிகளில் பதிவு செய்து, அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கணக்கிடும் முறையைப் பக்குவப்படுத்தியவர்களில் லாரன்ஸ் பிராக் முக்கியமானவர். 1915இல் இயற்பியல் நோபல் பெற்றவர். முள்கம்பியைத் தொட்டதும் பீரங்கிக் குண்டை வெடிக்க வைக்கும் புதுத் திரி 1917இல் வந்தது. 1917 நவம்பர் 20இல் காம்ப்ரேயில், முன்கூட்டி ஒரு குண்டுகூடப் போட்டுக் குறிபார்க்காமல், வரைபடக் கணக்கில் மட்டும் நம்பி ஒரே நேரத்தில் சுட்டார்கள். கூடவே 400க்கு மேல் டாங்கிகள். எதிரிக்கு எச்சரிக்கையே இல்லை. ஒரே நாளில் எட்டு கிலோமீட்டர் வரை. பத்து நாள் கழித்துத் தொடங்கிய எதிர்த்தாக்குதலில் ஜெர்மானியர்கள் பெரும்பகுதியைத் திருப்பிப் பிடித்துவிட்டார்கள் என்றாலும் சாவி தெரிந்துவிட்டது.

ஜெர்மானியர்களும் தேடினார்கள். வலுவான இடத்தை விட்டு விலகி, இடுக்கு வழியாக நுழைந்து பின்னால் போகும் சிறு குழுக்கள். ரஷ்யா போரிலிருந்து விலகியதும் கிழக்கிலிருந்து படையை மாற்றி, 1918 மார்ச் 21 அதிகாலையில் ஐந்து மணி நேரம் பீரங்கி அடித்துவிட்டு மூடுபனியில் வந்தார்கள். பிரிட்டிஷ் கோடு உடைந்தது. சில வாரங்களில் 60 கிலோமீட்டருக்கு மேல். அதோடு சரி. பழைய சோம் போர்க்களத்தின் பள்ளங்களைக் கடந்து பீரங்கியும் சாப்பாடும் வரவில்லை. பசியில் இருந்த சிப்பாய்கள் ஆல்பெர் ஊரில் கிடைத்த உணவுக் கிடங்குகளில் நின்றுவிட்டார்கள். உடைக்கக் கற்றுக்கொண்டார்கள், தொடர்ந்து ஓட வண்டியில்லை. ஜூலைக்குள் அவர்களின் தேர்ந்த ஆட்கள் எல்லாம் தீர்ந்துபோனார்கள். எதிர்ப்பக்கம் மாதந்தோறும் லட்சக்கணக்கில் அமெரிக்கர்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆகஸ்ட் 8, அமியேன். இந்தமுறை தாக்கியது பிரிட்டிஷ், பிரெஞ்சுத் தரப்பு. பீரங்கி, டாங்கி, விமானம், காலாட்படை எல்லாம் ஒரே கணக்கில் சேர்ந்து வேலை செய்தன. முக்கியமான மாற்றம் என்னவென்றால், வேகம் குறைந்ததும் அங்கேயே முட்டவில்லை. நிறுத்திவிட்டு வேறு இடத்தில் அடித்தார்கள், அப்புறம் இன்னொரு இடம். எந்த ஓட்டைக்கு ஆள் அனுப்புவது என்று ஜெர்மன் ரயில்வேக்கே தெரியாதபடி. எல்லாப் படைகளையும் ஃபோஷ் என்கிற ஒரே பிரெஞ்சுத் தளபதி ஒருங்கிணைத்ததால் அது முடிந்தது.

கரம்பை

ஒரு கேள்வி, பீரங்கிமேடு. போர் முடியும்போது ஜெர்மன் படை இன்னும் பிரான்ஸ், பெல்ஜிய மண்ணில்தானே இருந்தது? படை தோற்கவில்லை, உள்நாட்டில் முதுகில் குத்தினார்கள் என்று பின்னால் பிரசாரம் செய்தார்களே, அதில் உண்மை உண்டா?

பீரங்கிமேடு

துளியும் கிடையாது. தேதிகளை வரிசையாக வைத்தாலே போதும். செப்டம்பர் 29 அன்று பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய, அமெரிக்கப் படைகள் செயின்ட் குவென்டின் கால்வாயில் ஹிண்டன்பர்க் கோடு என்கிற ஜெர்மன் அரண்வரிசையை உடைத்தன. அதே நாளில் பல்கேரியா சரணடைந்தது. உடனே போர்நிறுத்தம் கேளுங்கள் என்று ஜெர்மன் அரசை நெருக்கியது வேறு யாருமல்ல, ராணுவத் தலைமையில் இருந்த லூடன்டோர்ஃபே. அப்போது ஜெர்மனியில் புரட்சி எதுவும் தொடங்கவில்லை. கீல் துறைமுகத்தில் மாலுமிகள் கலகம் வெடித்தது நவம்பர் தொடக்கத்தில். கைசர் முடி துறந்தது நவம்பர் 9. நவம்பர் 11 காலை 11 மணிக்குத் துப்பாக்கி ஓய்ந்தது.

அந்த ஒரு மாதத்துக்கு மேலான இடைவெளியை மறைத்துத்தான் அந்தப் பொய்யைக் கட்டினார்கள். போர்நிறுத்தத்தில் கையெழுத்துப் போட ராணுவத் தலைவர்கள் தாங்கள் போகாமல், அரசியல்வாதியான எர்ஸ்பர்கரைப் பிரான்ஸின் காம்பியேன் காட்டுக்கு அனுப்பினார்கள். 1921இல் தீவிர வலதுசாரிகள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.